சொல்லிவிட்டுப் பறந்தவர்

"எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலம்பற பூசை முடிஞ்சதும் நம்ம துறைக்கு மேல ஹெலிகேம் பறக்கும். வெளியில குளிக்கிறவிய, மாடியில துணி காயப் போட்டவிய, முற்றத்துல பாய் விரிச்சுப் படுக்கிறவிய கொஞ்சம் ஓர்மையா இருங்க. படத்துல விழ இஷ்டம் இல்லாதவிய இன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லலாம். நான் கோயில் நடையிலதான் இருக்கேன்."

எங்கள் மாதா கோயில் மைக்கில் இறந்தவர் பெயர் சொல்வார்கள், காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்வார்கள், காற்று பலமாக வீசப்போகிறது கடலுக்குப் போகாதீர்கள் என்பார்கள். புதுக்கடையிலிருந்து வந்த, நெற்றியில் நாமம் இட்ட ஒரு பெண் அதில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கொடிமரத்தடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் வந்து, படம் எடுத்து, கமுக்கமாகப் போய்விட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். இந்த அம்மா ஊரையே கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

ஊரெல்லாம் அவரை ஹெலிகேம் அக்கா என்றுதான் கூப்பிட்டது. பெயர் எனக்குத் தெரியும். இப்போது அவர் கணவரோடு வெளிநாட்டில் இருக்கிறார். கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் விட்டுவிடுகிறேன். புதுக்கடை சந்தைக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், வீடு பால்காய்ப்பு என்று எல்லாவற்றுக்கும் போவார். ஷார்ஜாவில் இருந்த கணவர், ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் பால்பொடி டப்பாக்களுக்கு நடுவே வைத்து அந்த ஹெலிகேமைக் கொடுத்தனுப்பியிருந்தார். ட்ரோன் என்கிற வார்த்தை அப்போது எங்கள் பக்கம் பத்திரிகையில்தான் உண்டு.

ஒல்லியான, உயரமான பெண். பருத்திச் சேலையை இழுத்துச் செருகி, காலில் ஆம்பிளைகள் போடுகிற மாதிரி ஒரு பெரிய ஷூ. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. வெயிலில் திரை தெரியாது என்பதால் பறத்தும்போது அந்தக் குடையை யாராவது பிடிக்க வேண்டும். எங்கள் துறையில் அந்த வேலை எனக்கு வாய்த்தது. சாதனம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால் கண்ணை மூடி, அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற மாதிரி "அய்யா உண்டு" என்பார். பிறகு சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்து, "ஆருக்காவது எதிர்ப்பு உண்டா?" என்று கேட்பார். கல்யாண ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்கிற எங்கள் பங்குச் சாமியார் தோற்றுப் போவார்.

நாங்கள் எதற்கு அவரைத் தேடிப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வள்ளத்து எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடைக்காரன். தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே, பெயர் சொன்னால் பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாத சின்னத் துறை எங்களுடையது. சுனாமிக்குப் பிறகு கடலரிப்பைத் தடுக்கிறோம் என்று கல் கொண்டுவந்து கடலுக்குள் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். போட்டது சரியில்லை. எங்கள் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் மணல் வந்து அடைந்துவிட்டது. மீன் பிடித்துத் திரும்புகிற வள்ளம் அந்த வாய்க்குள் நுழையும்போது அலை தூக்கி மணல்மேட்டில் குத்தும். ஆள் செத்தான், எஞ்சின் போயிற்று, கேட்பார் இல்லை. தரையில் நின்று எடுத்த போட்டோக்களைக் கொண்டுபோய்க் காட்டினால், "இதில் கல்லும் தண்ணியும்தானே தெரியுது, மணல் எங்கே?" என்றார்கள். மேலிருந்து எடுத்தால் மணல் தெரியும் என்று பொழி கமிட்டியில் முடிவானது. கமிட்டிக்குச் செயலாளர் நான்.

மைக்கில் சொன்னதோடு நிற்காமல் அக்கா அன்றைக்கு வீடு வீடாகவும் போனார். ஒரு தாத்தா புதுச்சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்னொருத்தர், "எம் மொவன் குவைத்துல இருக்கான், புது மாடியைக் கொஞ்சம் அடுத்து எடுத்துத் தந்திரு பிள்ளே" என்றார். ஒரே ஒரு வீட்டில் மட்டும் வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் அந்த வீட்டை விட்டு விலகி, தென்னந்தோப்புப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் சாதனம் கடலுக்குப் போனது. வளைந்து போனதில் பேட்டரி தீர்ந்து, பொழியின் பாதியைத்தான் எடுக்க முடிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஒரு வீட்டுக்காரனுக்கு வேண்டி ஒரு துறைக்காரன் சாவணுமா அக்கா?"

"ஒருத்தனுக்குத் தெரியாம அவன் தலைக்கு மேல நின்னு பாக்கியது களவு மக்கா. அது எதுக்கு வேண்டிப் பாத்தாலும் களவுதான்" என்றார். "நாளைக்கு வேற பேட்டரி சார்ஜ் போட்டுக் கொண்டுவாறேன். கிடந்து துள்ளாத."

இப்படி எத்தனை சண்டை! எங்கள் பொழிக்கு வர வேண்டிய கல் காண்டிராக்டரின் களத்தில் கிடக்கிறது என்று எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. மதிலுக்கு மேலே ஒரு சுற்று விட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அக்கா என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆளுக்கு போன் போட்டு, நாளைக்கு உங்கள் களத்துக்கு மேலே பறத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் போனால் களம் முழுக்க நீலத் தார்ப்பாய். உள்ளே கல் இருந்ததோ கருவாடு இருந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"கள்ளனுக்கு போன் பண்ணிட்டா களவு புடிப்பாவ?" என்று நான் கத்தினேன்.

"அவன் கள்ளனா இல்லியான்னு எனக்குத் தெரியாது. மதிலுக்குப் பின்னால அவன் வீட்டுக்காரி குளிக்கிற மறைப்பு உண்டுன்னு தெரியும். அவளும் கள்ளியா?"

நான் குடையைத் தரையில் போட்டுவிட்டு நடந்துவிட்டேன். கோபம் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

ஆனால் அதே வாயால் அவர் இன்னொரு இடத்தில் பேசியதையும் பார்த்தேன். பொழியை ஆழப்படுத்தக் கேட்டு நாங்கள் ரோட்டில் உட்கார்ந்த அன்று, பந்தோபஸ்துக்கு வந்த ஒரு இன்ஸ்பெக்டர் அவரை அழைத்து, கூட்டத்துக்கு மேலே பறத்தி முகம் தெரிகிற மாதிரி எடுத்துத் தரச் சொன்னார். அக்கா, "எடுக்கலாம் சார். இஞ்ச இருக்கிற ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டு சம்மதம் வாங்கித் தாருங்க" என்றார். சாதனத்தைப் பறிமுதல் செய்துவிடுவேன் என்று அவர் சீறினார். அப்போது அதற்கெல்லாம் என்ன சட்டம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அக்கா பையின் ஜிப்பைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்கிடுங்க சார். பறத்தியதுக்கு ஆளை மட்டும் நீங்க தேடிக்கிடணும்." இன்ஸ்பெக்டர் பையைத் தொடாமல் நகர்ந்துவிட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் அவரே சொன்னார். காற்று அடங்கட்டும் என்று கரையில் காத்திருந்தோம். திருவட்டாறு பக்கம் ஒரு கல்யாணம், ஹெலிகேம் வந்த புதிது. மண்டபத்தை மேலிருந்து எடுக்கும்போது பின்னால் இருந்த வாழைத்தோட்டமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அதில் கிணற்றுச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்து ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தாள், பெண் வீட்டுக்காரி ஒருத்தி. வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லாம் டிவி முன்னால் கூடி இருந்து போட்டுப் பார்த்தார்கள்.

"அதோட அந்தப் பிள்ளைய காலேஜுக்கு விடல்ல. அவசர அவசரமா ஒரு இடத்துல பிடிச்சுக் கெட்டிக் குடுத்தாவ. அது என்ன பேசிச்சோ? நோட்டு கேட்டிருக்கும், பந்தியில இடம் கிடைச்சுதான்னு கேட்டிருக்கும். மேலேருந்து எடுத்ததுல சத்தம் கிடையாதுல்லா மக்கா. பாத்தவிய எல்லாம் அவங்கவங்க மனசுல உள்ளதைப் பேச வச்சுட்டாவ." கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். "மன்னிப்பு கேக்க அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கல்ல."

அந்த வருஷத்து ஆடி மாதம்தான் எல்லாம் நடந்தது. அடுத்த வாரம் நாகர்கோவிலில், கலெக்டர் ஆபீசில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம். பொறியாளர்கள் வருவார்கள். வள்ளங்கள் பொழியில் எப்படித் திணறி நுழைகின்றன என்பதை முழுக்கக் காட்டினால் மணல் அள்ளச் சம்மதிப்பார்கள் என்று பேச்சு. காலையில் வள்ளங்கள் திரும்புகிற நேரம் பார்த்து அக்கா பறத்தினார். முந்தின நாளே மைக்கில் சொல்லியாகிவிட்டது. நான் குடை பிடித்திருந்தேன். கமிட்டிக்காரர்களும் வேறு பலரும் எங்கள் தோளுக்கு மேலே எட்டி எட்டி அந்த உள்ளங்கை அகலத் திரையைப் பார்த்தார்கள்.

ஜெரோமின் வள்ளம் பொழிக்கு நேரே வந்தது. சின்ன வள்ளம், தனியாகப் போய் வருகிறவன். திரையில் அது ஒரு வெள்ளைக் கோட்டைத் தொட்டது, குறுக்கே திரும்பியது, கவிழ்ந்தது. சத்தமே இல்லை. கறுப்புப் புள்ளியாக அவன் தலை மட்டும் தெரிந்தது.

"ஜெரோம்! ஜெரோம்லா அது!"

"எல்லாரும் வள்ளம் இறக்குங்க!" என்று அக்கா அலறினார். "நான் அவருக்கு நேர் மேல நிறுத்துதேன். சாதனம் நிக்கிற இடத்தைப் பாத்து வாருங்க!"

அப்படியே நிறுத்தினார். பேட்டரி குறைந்து கருவி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. "விழுந்தா விழட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். இளந்தாரிகள் வள்ளத்தைத் தள்ளி, அலையைத் தாண்டி, ஹெலிகேமுக்குக் கீழே போய்ச் சேருவதற்குள் திரையில் அந்தப் புள்ளி இல்லை. கடைசி நிமிஷத்தில் சாதனத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கையில் பிடித்தார். மத்தியானத்துக்கு மேல் ஜெரோமின் உடலைக் கல்லிடுக்கிலிருந்து எடுத்தார்கள். அவன் மனைவி ஸ்டெல்லா, கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஈர மணலில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய தம்பி சகாயம் பக்கத்தில் விழுந்து கிடந்து அழுதான். "நான் முன்னமே கரைக்கு வந்துட்டேனே, நான் பாக்கல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடக்கம் முடிந்த மறுநாள் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் ஸ்டுடியோவில் கூடி, பெரிய திரையில் அந்த வீடியோவைப் பார்த்தோம். எனக்கு அதற்குள் ஒரு டிவி சேனலிலிருந்து போன் வந்துவிட்டது. இதை வெளியிட்டால் நாடே பார்க்கும், மணல் அள்ளாமல் யாராலும் தப்ப முடியாது என்று நான் உறுதியாக இருந்தேன். படம் ஓடியது. ஜெரோம் கவிழ்ந்தான். கரையில் நாங்கள் எல்லாரும் ஜெரோமையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காத ஒன்று பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்தது. பின்னாலேயே இன்னொரு வள்ளம் வந்தது. பச்சை வள்ளம், முனையில் வெள்ளைச் சிலுவை. அது ஜெரோமைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியது. பிறகு விலகியது. மணல்மேட்டை ஒட்டி வளைந்து பொழிக்குள் நுழைந்து போயே போய்விட்டது.

"சகாயம்லா அது?" என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

கடல்துறையில் பிறக்காதவர்களுக்கு இதன் கனம் புரியுமோ என்னவோ. கடல் தண்ணீரில் கிடக்கிறவனை விட்டுவிட்டு வந்தவன் என்று ஒரு பேச்சு எழுந்துவிட்டால் அவன் வாழ்க்கை அதோடு முடிந்தது. அவனோடு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பெண் கொடுக்கமாட்டார்கள். விட்டுவிட்டு வந்தது சொந்த அக்காவின் கணவனை என்றால், கேட்க வேண்டுமா?

"அந்தப் பகுதியை வெட்டிருங்க அக்கா" என்றேன்.

"வெட்டினா மணல் எங்க தெரியும்? அவன் வளைஞ்சு போன வழியிலதானே மேடு எங்க கிடக்குன்னே தெரியுது. ஜெரோம் கவுந்ததை மட்டும் காட்டினா, ஓட்டத் தெரியாமக் கவுத்துட்டான்னு சொல்லிட்டுப் போவாவ." அவர் சொன்னது சரிதான். "அதுமில்லாம மிச்சம் எங்கன்னு கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்."

"அப்ப முழுசா குடுங்க. ஒருத்தனுக்கு வேண்டி—"

"ஸ்டெல்லாவும் சகாயமும் பாக்காம இது இஞ்சேருந்து வெளிய போவாது" என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். "அவிய ரெண்டு பேருக்கும் உள்ளது இது. எனக்கும் உனக்கும் உள்ளது இல்ல."

அவர் மறைத்து வைத்ததால் ஊரில் வேறு வினை கிளம்பியது. ஸ்டுடியோக்காரி வீடியோவை ஒளித்து வைத்திருக்கிறாள், அதில் என்னமோ இருக்கிறது என்று பேச்சு ஓடியது. நாலு பேர் வாயில் விழுந்து வரும்போது சகாயத்தின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டது. ஸ்டுடியோவின் கண்ணாடியில் யாரோ கல்லெறிந்தார்கள். கண்ணியம் என்று இவர் செய்வதும் ஒருவனைக் கொல்லத்தான் செய்கிறது என்று நான் முகத்துக்கு நேரே சொன்னேன். "தெரியும். அதுக்குத்தான் இன்னைக்கே போவோம்னு சொல்லுதேன். நீயும் வா" என்றார்.

ஸ்டெல்லாவின் வீட்டில் ஜெரோமின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. சகாயம் அங்கேதான் இருந்தான், ஸ்டெல்லாவின் மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு. லேப்டாப்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"ஸ்டெல்லா, இதுல உங்க வீட்டுக்காரர் கடைசியா இருக்காரு. தம்பியும் உண்டு. ரெண்டு பேருக்கும் பாக்க வேண்டாம்னா நான் இப்பவே அழிச்சுட்டுப் போவுதேன்" என்றார் அக்கா.

இத்தனை உயிருக்குச் சாட்சியாக இருப்பதை இவர் எப்படி அழிப்பார்?

"எனக்குப் பாக்க வேண்டாம்" என்றான் சகாயம். வாசலைப் பார்த்து ஒரு எட்டு வைத்தான்.

"இரிலே" என்றாள் ஸ்டெல்லா. அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். "போடுங்கக்கா."

போட்டார். ஸ்டெல்லா கண்ணை இமைக்கவில்லை. கணவன் கவிழ்ந்ததைப் பார்த்தாள், தலை தெரிந்ததைப் பார்த்தாள், பச்சை வள்ளம் திரும்பியதை, விலகியதைப் பார்த்தாள். முடிந்ததும் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"முன்னமே வந்துட்டேன்னு சொன்னியேலே?"

"பேடிச்சு சொன்னேன்." பயந்து சொன்ன பொய்தான் அது என்று ஒப்புக்கொண்டான். "அத்தான் பக்கம்தான் திருப்பினேன் அக்கா. நடுவுல ஒரு பெரிய அலை எழும்பிச்சு. திருப்பியிருந்தா நானும் கவுந்திருப்பேன். மாதாவாண சொல்லுதேன், உள்ள வந்து வள்ளத்தைப் போட்டுட்டு ஓடி வாறதுக்குள்ள…"

"இதுல அலையே இல்லியே? தேய்ச்சு வச்ச துணி போலல்லா கிடக்கு கடலு?"

அக்கா குறுக்கே பேசினார். "மேலேருந்து நேர கீழ எடுத்தா அலைக்கு உயரம் தெரியாது ஸ்டெல்லா. எவ்வளவு பெரிய அலைன்னாலும் இதுல வெள்ளைக் கோடுதான்."

"அப்ப அலை உண்டுன்னு சொல்லுதியளா?"

"உண்டுன்னும் சொல்லல்ல, இல்லேன்னும் சொல்லல்ல. இதுல தெரியாதுன்னு சொல்லுதேன்."

"படத்தை விடுங்க." ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கரையிலதானே நின்னிய? கண்ணால என்ன பாத்திய? எனக்குச் சொந்தம்னு இனி இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவன் பிடிச்சுத் தாற மீனை எம் பிள்ளையளுக்கு நான் குடுக்கணுமா, இல்ல வெளிய போன்னு அடிச்சு வெரட்டணுமா? சொல்லுங்க, அலை எழும்பிச்சா?"

உண்டு என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனசுக்குள் கிடந்து கதறினேன். ஒரு வார்த்தை. இரண்டு உயிர் பிழைத்துப் போகும். சகாயம் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கடலைப் பாக்கல்ல ஸ்டெல்லா" என்றார் அக்கா. "இந்தத் திரையைத்தான் பாத்துட்டு நின்னேன்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்க?"

குடையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்தத் திரையைத்தான் பார்த்தேன். என் பின்னால் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், காலுக்கு முன்னால் கடல் கிடந்தது, ஒருத்தர் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்ல" என்றேன்.

"போயிட்டு வாருங்க" என்றாள். கொடுப்பதா அழிப்பதா என்று ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு பொய் சொன்னா உங்க வாய் புண்ணாயிருமா? அவ வாழ்க்கையே உங்க நாக்குல இருந்துச்சு!" அக்கா மதகுச் சுவரில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் பாத்தேன்னு சொல்லியிருந்தா அவ நம்பியிருப்பா. அதான் மக்கா எனக்குப் பேடி" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இப்போதும் முக்கால்வாசிதான் விளங்குகிறது.

கூட்டத்து நாள் வந்தது. ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்கா லேப்டாப்போடு நாகர்கோவிலுக்கு வந்திருந்தார், ஆனால் போடமாட்டேன் என்று சாதித்தார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் பையைப் பிடுங்கப் போய், நான் நடுவில் விழுந்து தடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் துறையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து, வழக்கம்போலக் கல்லும் தண்ணீரும் தெரிகிற பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்வாசல் வழியாக ஸ்டெல்லா வந்தாள், கறுப்புச் சேலையில். பின்னால் சகாயம், தலைகுனிந்து.

"போடுங்கக்கா. முழுசா போடுங்க" என்றாள்.

அக்கா அவளைத் தாண்டி சகாயத்தைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுத தம்பி?"

"போடுங்க."

மண்டபத்துத் திரையில் படம் விழுவதற்கு முன்னால் அக்கா எழுந்து நின்றார். "ஒரு காரியம் சொல்லணும் சார். இது நேர மேலேருந்து எடுத்தது. மணல் கிடக்கிறது தெரியும். வள்ளம் போற வழி தெரியும். அலையோட உயரம் இதுல தெரியாது." யாரோ ஒரு பொறியாளர் சிரித்தார். பிறகு விளக்கை அணைத்தார்கள். படம் ஓடி முடிந்தது.

மேடையில் இருந்த பெரிய அதிகாரி கேட்டார். "அந்தப் பச்சைப் படகு பக்கத்தில்தானே வருகிறது? ஏன் காப்பாற்றாமல் போனது? அது யாருடைய படகு?"

மண்டபத்தில் எங்கள் கரைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். சகாயம் எழும்ப முயன்றான். ஸ்டெல்லா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"எந் தம்பிக்க வள்ளம் சார். செத்தது எங்க வீட்டுக்காரரு. நடுவுல பெரிய அலை உண்டு சார், திருப்ப முடியல்ல."

"அந்த அம்மா அலை தெரியாது என்கிறார். நீங்கள் உண்டு என்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் பாக்கல்ல சார். படம் எடுத்தவிய பாக்கல்ல. இஞ்ச இருக்கிற ஆரும் பாக்கல்ல. எந் தம்பி பாத்தான்."

அவள் உட்கார்ந்தாள். சகாயம் அவள் முழங்காலில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அதிகாரி மணல் இருக்கும் இடத்தை மறுபடியும் காட்டச் சொன்னார்.